மூன்றில் ஒரு பங்கு என்னும் மூடநம்பிக்கை

கல்லூரி மாணவர் ஒருவரிடம் இருபது பக்க ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, "இதன் சுருக்கத்தை எழுதி வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை பக்கம் சார்?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். கட்டுரை யாரோடு வாதிடுகிறது, சுருக்கம் யாருக்காக, எதற்காக என்றெல்லாம் கேட்கமாட்டார். பக்க அளவு தெரிந்ததும், முக்கியம் என்று படும் வரிகளுக்கு அடியில் கோடு போடுவார். எடுத்துக்காட்டு, புள்ளிவிவரம், அடிக்குறிப்பு அத்தனையையும் தள்ளுவார். மிஞ்சியதில் பத்துக்கு நாலு சொல்லை மாற்றிப் போட்டுக் கொண்டுவந்து தருவார்.

மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியிலேயே அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். மேல்நிலை வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கான கைடுகளைப் புரட்டினால் தெரியும்: கொடுக்கப்பட்ட பத்தியின் சொற்களை எண்ணு, மூன்றால் வகு, 'ரஃப் டிராஃப்ட்' எழுது, குறுக்கே ஒரு கோடு அடி, 'ஃபேர் டிராஃப்ட்' எழுது, தலைப்பு இடு. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டாய மொழித்தாள்களிலும் இதே கதைதான். பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சொந்த நடையில் சுருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதன்மைத் தேர்வுப் பாடத்திட்டத்திலும் 'சுருக்கி வரைதல்' உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கி அரசுப் பணி வரைக்கும் ஒரே சூத்திரம் துணைக்கு வருகிறது. நடுவில் இருக்கும் கல்லூரியும் அதையே தன் தலையிலும் ஏற்றிக்கொண்டுவிட்டது.

என் எதிர்ப்பு இந்த நடுப்பகுதியைப் பற்றியது. ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் சுருக்கக் கற்பிப்பதற்கு இந்தச் சூத்திரம் போதாது. அதுமட்டுமில்லை, அது தீங்கானது. ஆய்வு எழுத்தின் உயிராக இருக்கும் பகுதிகளை 'வேண்டாதவை' என்று அடையாளம் காட்டி, அவற்றை வெட்டி எறிய மாணவரைப் பழக்குகிறது.

முதலில் எதிர்த்தரப்பு சொல்வதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் எழுதுவது அடிப்படையில் மொழித்திறன் என்கிறார்கள். அளவுக்கு வரம்பு இருந்தால்தான் மாணவர் எது முக்கியம் என்று தேரப் பழகுவார்; இல்லாவிட்டால் மூலத்தையே திருப்பி எழுதி வைப்பார். சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னால்தான் புரிந்துகொண்டாரா என்பது தெரியும், காப்பியடிப்பதும் குறையும். சொந்தக் கருத்தைச் சேர்க்காதே என்று தடுத்தால்தான் மூல ஆசிரியருக்கு நியாயம் கிடைக்கும். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் விடைத்தாள் திருத்துவதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும். இந்த அடிப்படை முதலில் வரட்டும். வாதம், விமர்சனம் எல்லாவற்றையும் ஆய்வுப் படிப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்பவர்கள் பலர் அனுபவமுள்ள ஆசிரியர்கள். அவர்கள் சொல்வதில் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் இந்தக் கொள்கையை இத்தனை காலம் தாங்கி நிற்கிறது.

அளவு வரம்பிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் 'பிரெசி' எனப்படும் இந்தச் சுருக்கப் பயிற்சி அலுவலகத்தில் பிறந்தது. பிரிட்டிஷ் குடிமைப் பணித் தேர்வுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது ஒரு பாடம். காரணம் எளிது. மேசைக்கு வரும் கடிதக் கட்டு முழுவதையும் மேலதிகாரி படித்துக்கொண்டிருக்க முடியாது. யார், எப்போது, என்ன கேட்டார், எவ்வளவு தொகை, முன்பு என்ன உத்தரவு போட்டோம் என்பதைக் கீழே இருப்பவர் அரைப்பக்கத்தில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் பயிற்சி சரியானது. கோப்பில் இருப்பவை பெரும்பாலும் ஒரே தரத்துச் செய்திகள். சிலவற்றை விட்டாலும் மற்றவை அப்படியே நிற்கும்.

ஆய்வுக் கட்டுரையின் கட்டுமானம் வேறு. அதில் எல்லா வாக்கியங்களும் ஒரே தரையில் நிற்பதில்லை. ஒரு வாக்கியம் கட்டுரையாளரின் முடிவு. இன்னொன்று அவர் மறுப்பதற்காக எடுத்து வைத்த பிறர் கருத்து. மூன்றாவது ஒரு சான்று. நான்காவது, அந்த முடிவு எந்த எல்லைக்குள் செல்லும் என்று சொல்லும் நிபந்தனை. பார்வைக்கு நிபந்தனைதான் இவற்றில் மிகச் சிறியது. 'மருத்துவமனையில் இருந்தவர்களிடையே', 'இந்த மாவட்டத்தில் மட்டும்', 'இருக்கலாம்', 'பெரும்பாலும்' என்று ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். சொல் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று கத்தரிக்கோலோடு உட்காரும் மாணவரின் கையில் முதலில் அகப்படுவதும் இதுதான். எட்டு முழ வேட்டியை மடித்துக் கட்டலாம்; மூன்றில் ஒரு பங்காகக் கிழித்துக் கட்ட முடியாது.

நிபந்தனையை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகிய இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். அது ஆய்வுக் கட்டுரை அல்ல, ஐந்தே வாக்கியங்கள் கொண்ட வாசகர் கடிதம். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 39,946 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததாகவும், அவர்களில் 11,882 பேருக்கு ஒருமுறையாவது போதைத்தன்மை கொண்ட வலிநிவாரணி தரப்பட்டதாகவும், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகத் தெளிவான பதிவு இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். ஆகவே முன்பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்பது அவர்கள் முடிவு.

இந்தக் கடிதத்தை நம் வகுப்பறை விதிப்படி சுருக்கிப் பார்ப்போம். எண்களை நீக்கு, அடைமொழிகளை நீக்கு, மையக் கருத்தை எடு. "போதைத்தன்மை கொண்ட வலிநிவாரணிகள் தரப்பட்ட பல்லாயிரம் நோயாளிகளை ஆராய்ந்ததில், அவற்றுக்கு அடிமையானவர்கள் மிகச் சிலரே. எனவே இம்மருந்துகளால் அடிமைத்தனம் ஏற்படுவது அரிது." அளவு சரி, நடை சரி, சொந்தக் கருத்தும் இல்லை. முழு மதிப்பெண் வாங்கும் விடை இது. மருத்துவமனைக் கட்டிலில், மருத்துவர் கண்காணிப்பில் மருந்து பெற்றவர்களைப் பற்றிய கணக்கு என்பதும், முன்பழக்கம் இல்லாதவர்களைப் பற்றிய முடிவு என்பதும் காணாமல் போய்விட்டன. வீட்டுக்கு மாத்திரை வாங்கிப் போய் மாதக்கணக்கில் விழுங்குபவரைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் சுருக்கமோ அவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறது.

இது கற்பனை அல்ல. அந்தக் கடிதத்தை எடுத்தாண்ட 608 ஆய்வு எழுத்துகளைப் பின்னாளில் ஒரு குழு ஆராய்ந்து 2017இல் அதே இதழில் வெளியிட்டது. 72.2 விழுக்காட்டினர் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகக் கடிதத்தைக் காட்டியிருந்தார்கள். 80.8 விழுக்காட்டினர் அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. 1990களிலிருந்து அமெரிக்காவில் ஓபியாய்டு எனப்படும் இவ்வகை வலிநிவாரணிகள் கட்டுமீறிப் பரவியதற்கு மருந்து நிறுவனங்களின் பேராசை முதன்மையான காரணம், ஐயமில்லை. ஆனால் அந்தப் பேராசைக்குக் கல்விப்புல முத்திரை குத்திக் கொடுத்தவை இந்தத் தவறான சுருக்கங்கள். எழுதியவர்கள் பட்டம் பெற்றவர்கள், ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள். மொழித்திறன் அவர்களைக் காப்பாற்றவில்லை.

சுருக்கம் என்பது மொழித்திறன் என்ற அடிப்படையே இங்கு ஆட்டம் காண்கிறது. படித்துப் புரிந்துகொள்ளும் செயல்பாட்டை ஆராய்ந்த வால்டர் கின்ச்சும் டீன் வான் டைக்கும் 1978இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். ஒரு பனுவலின் சாரத்தை மனம் எட்டுவதற்கு அவர்கள் சொன்ன வழிகளில் நீக்குவது ஒன்றுதான். பல விவரங்களை ஒரு பொதுக்கருத்தின் கீழ்க் கொண்டுவருவது இன்னொன்று. பனுவலில் எங்கும் எழுதப்படாத, ஆனால் அதன் பகுதிகள் சேர்ந்து உணர்த்துகிற ஒரு கூற்றைப் புதிதாகக் கட்டியெழுப்புவது மற்றொன்று. இதைத் தொடர்ந்து ஆன் பிரவுனும் ஜீன் டேயும் வெவ்வேறு வயது மாணவர்களை வைத்து ஆராய்ந்து 1983இல் எழுதினார்கள். நீக்குவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். மூலத்தில் இல்லாத மையக் கூற்றை உருவாக்குவதுதான் கல்லூரி மாணவருக்கும் கடினமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருவதைத்தான் நாம் மூன்றில் ஒரு பங்கு என்று பெயரிட்டுப் பட்டப்படிப்பு வரை பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கடினமான பகுதிக்கு வகுப்பு எடுப்பதே இல்லை.

அடுத்தது 'சொந்தச் சொற்கள்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இது 'சொல்லுக்குச் சொல் மாற்று' என்று ஆகிவிட்டது. பொருளாதாரக் கட்டுரையில் 'பணவீக்க விகிதம் குறைந்தது' என்று இருக்கும். சொந்த நடை வேண்டும் என்பதற்காக மாணவர் 'விலைவாசி குறைந்தது' என்று எழுதுவார். இரண்டும் வேறு. முன்னதில் விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. 'இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது' என்று சமூகவியல் கட்டுரை பார்த்துப் பார்த்து எழுதியிருக்கும். சுருக்கத்தில் 'இதனால் அது ஏற்படுகிறது' என்று வந்து நிற்கும். துறைச்சொல் என்பது அலங்காரம் அல்ல. அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். எந்தச் சொல்லைத் தொடக்கூடாது என்று அறிவதே அந்தத் துறையை அறிவதில் பாதி.

இதன் முற்றிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வைப் படிக்கலாம். அறிவியல் இதழ்களில் வந்துவிட்ட விசித்திரமான சொற்றொடர்களை அவர்கள் தொகுத்தார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது. செயற்கை நுண்ணறிவு, போலிப் பிரக்ஞையாகிவிட்டது! எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவ, சொல் மாற்றும் மென்பொருளைக் கொண்டு செய்த வேலை என்பது அவர்கள் கணிப்பு. இயந்திரம் செய்ததைப் பார்த்துச் சிரிக்கிறோம். இயந்திரம் பின்பற்றிய விதி, நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே விதிதான்.

நம் நாட்டில் இதற்கு நிர்வாகத் தரப்பிலிருந்தும் ஒரு தூண்டுதல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். திருட்டைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆய்வு மாணவர் மனத்தில் என்ன பதிகிறது? ஒரு கருத்தைச் சரியாகச் சொன்னோமா என்பதைவிட 'எத்தனை பர்சன்ட் வந்தது' என்பதே பெரிய கவலையாகிவிடுகிறது. எண்ணைக் குறைக்கச் சொல்லை மாற்றுகிறார். பிறர் கருத்தைச் சுருக்கித் தம் வாதத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அதைத்தான் நாம் கற்றுத் தருவதில்லை.

மூன்றாவது விதி, 'சொந்தக் கருத்தைச் சேர்க்காதே'. ஆசிரியர் சொல்லாததை அவர் வாயில் திணிக்கக் கூடாது என்றால் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பள்ளிச் சுருக்கம் ஒரு படி மேலே போய், மூல ஆசிரியரையே காணாமல் அடித்துவிடுகிறது. தமிழ்த் துறைகளில் எல்லோரும் அறிந்த ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். க. கைலாசபதி, பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்த 'டமில் ஹீரோயிக் பொயட்ரி' 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. விதிப்படி எழுதிய சுருக்கம் இப்படி இருக்கும்:

"சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்கள். அவை வீரயுகத்தைச் சேர்ந்தவை. பாணர்கள் அவற்றைப் பாடினர். கிரேக்கக் காப்பியங்களோடு அவற்றுக்கு ஒற்றுமை உண்டு."

நான்கு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இது யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று எதுவும் இல்லை. ஒருவருடைய வாதம், ஊரறிந்த உண்மையாக வேடம் போட்டு நிற்கிறது. அதைவிட மோசம் கடைசி வாக்கியம். நூலின் முதுகெலும்பே அந்த ஒப்பீடுதான். இங்கே அது கொசுறுச் செய்தியாகக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு விதமாக எழுதிப் பார்க்கலாம்:

"ஹோமரின் காப்பியங்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் வாய்மொழியாகப் பாடியதன் அடையாளம் என்று மில்மன் பாரியும், யுகோஸ்லாவியப் பாடகர்களை நேரில் ஆராய்ந்து ஆல்பர்ட் லார்டும் நிறுவ முயன்றனர். இந்த அணுகுமுறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்துகிறார். பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் பாடுபொருள்களையும் சான்றாகக் காட்டி, இவை வீரயுகத்துப் பாணர் மரபில் வாய்மொழியாக உருவானவை என்று வாதிடுகிறார். பிற நாட்டு வீரயுகக் கவிதைகளோடு இவை ஒப்புநோக்கத் தக்கவை என்ற ஏற்பின் மீது இவ்வாதம் நிற்கிறது."

இதிலும் எழுதியவரின் சொந்த அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. கைலாசபதி சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் கேள்வி கேட்கலாம் என்பது தெரிகிறது. பாணர் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு புலவர்கள் இயற்றியவை சங்கப் பாடல்கள் என்று ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வேறொரு நிலைப்பாட்டை எடுத்தார். முதல் சுருக்கத்தை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு இது குழப்பத்தைத்தான் தரும்: ஒருவர் 'ஆம்' என்கிறார், இன்னொருவர் 'இல்லை' என்கிறார், தேர்வில் எதை எழுதுவது? இரண்டாவதை எழுதியவருக்கு, விவாதத்தின் முடிச்சு விளங்கிவிடும்: வாய்மொழி மரபின் தடயம் ஒரு பாடலில் இருப்பதாலேயே அந்தப் பாடல் வாய்மொழியாகப் பிறந்தது என்றாகிவிடுமா? சுருக்கத்தின் தரம் இங்கேதான் தெரிகிறது. அடுத்த கேள்விக்கு வழி விடுகிறதா, அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்தார். அதே பாயிரத்தில் பத்துக் குற்றங்களில் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். குறைவாகச் சொல்வது வேறு, குறைபடச் சொல்வது வேறு என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. சொல்லை எண்ணி இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பொருளைப் பார்த்தால்தான் முடியும்.

இன்னும் பயனுள்ளது அதே பாயிரம் சொல்லும் எழுவகை மதம். பிறர் கருத்தோடு உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எதோடும் சேராமல் தன் கொள்கையைச் சொல்வது. இன்றைக்கு எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் அது இந்த ஏழில் ஒன்றையோ சிலவற்றையோ செய்துகொண்டிருக்கும். 'இக்கட்டுரை இந்த ஏழில் எதைச் செய்கிறது?' என்ற ஒரு கேள்வி, மூன்றால் வகுக்கும் கணக்கைவிட நூறு மடங்கு பயன் தரும். நன்னூலை மனப்பாடச் செய்யுளாக மட்டும் வைத்துத் தேர்வு நடத்தும் நாம், அதை ஒரு கருவியாக மாணவர் கையில் கொடுத்ததில்லை.

சிவஞான சித்தியாரின் பரபக்கமும் நினைவுக்கு வர வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் அதில் பதினான்கு புறச்சமயக் கொள்கைகளை மறுக்கிறார். உலகாயதத்தில் தொடங்கி ஒவ்வொன்றையும் முதலில் அந்தந்தச் சமயத்தார் வாதமாக எடுத்து வைக்கிறார். அதற்குப் பிறகே மறுதலை. எதிரியின் கொள்கையைச் சுருக்கிச் சொல்லத் தெரியாதவருக்கு அதை மறுக்கும் தகுதி இல்லை என்பது அந்த நூலின் அமைப்பிலேயே இருக்கிறது. சுருக்கம், வாதத்தின் முதல் பாதி. வாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சுருக்கத்தை மட்டும் தனியே கற்றுக்கொடுப்பது, இரண்டையும் கெடுக்கிறது.

'ஆய்வுப் படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாதத்துக்கு விடை, ஆய்வேடுகளிலேயே இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஓர் ஆய்வேட்டை எடுத்து முன்னாய்வுகள் பற்றிய இயலைத் திருப்புங்கள். இன்னார் (2005) தம் ஆய்வில் இதை ஆராய்ந்துள்ளார். இன்னார் (2009) தம் கட்டுரையில் அதை விளக்கியுள்ளார். இன்னார் (2014) மற்றொன்றை எடுத்துரைத்துள்ளார். பத்திக்கு ஒருவராக வரிசையில் நிற்பார்கள். ஒருவர் மற்றவரோடு பேசுவதே இல்லை. யார் யாரை மறுத்தார், எந்தக் கேள்வி இன்னும் விடையில்லாமல் நிற்கிறது, ஆய்வாளர் எங்கே நுழைகிறார் என்று ஒன்றும் தெரியாது. விதிவிலக்குகள் உண்டு, அவை விதிவிலக்குகள்தான். இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் 18 மாணவர் கட்டுரைகளை ரெபெக்கா மூர் ஹவர்டும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். மாணவர்கள் மூலங்களின் தனித்தனி வாக்கியங்களை எடுத்து ஒட்டியும் திருத்தியும் எழுதியிருந்தார்களே ஒழிய, ஒரு மூலத்தின் வாதத்தைச் சுருக்கிச் சொன்ன இடம் அந்த 18இல் ஒன்றில்கூட இல்லை. வாக்கியத்தை வெட்டப் பழகிய கை, வாக்கியத்தைத்தான் வெட்டும்.

இப்போது புதிதாக ஒரு குரல் கேட்கிறது: சாட்ஜிபிடி நொடியில் சுருக்கித் தருகிறதே, இனி இதை ஏன் கற்பிக்க வேண்டும்? மூன்றில் ஒரு பங்குக்காரர்களிடம் இதற்குப் பதில் கிடையாது. அவர்கள் கற்பிப்பதை இயந்திரம் அவர்களைவிட நன்றாகவே செய்கிறது. என்னிடம் பதில் இருக்கிறது. ஊவே பீட்டர்ஸ், பெஞ்சமின் சின்-யீ என்ற இருவர் இத்தகைய பத்து மொழி மாதிரிகள் தந்த 4,900 அறிவியல் சுருக்கங்களை ஆராய்ந்து, 2025இல் 'ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மூலம் சொன்ன எல்லையைத் தாண்டிப் பொதுமைப்படுத்தும் வாய்ப்பு, மனிதர் எழுதிய சுருக்கங்களைவிட இயந்திரச் சுருக்கங்களில் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்று கண்டார்கள். நாம் போர்ட்டர்-ஜிக் கடிதத்தில் பார்த்த அதே பிழை, இப்போது நொடிக்கு நூறாக உற்பத்தியாகிறது. இயந்திரம் தந்த சுருக்கத்தில் எந்த நிபந்தனை காணாமல் போயிற்று என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் நாளைக்குத் தேவைப்படுவார். அந்தக் கண்ணை, தானே சுருக்கி எழுதித்தான் பழக்க முடியும்.

மதிப்பெண் பற்றிய ஆட்சேபம் மட்டும் மிச்சம் இருக்கிறது. நியாயமான ஆட்சேபம், அறுபது விடைத்தாள் திருத்துபவரின் கஷ்டம் அறுபது விடைத்தாள் திருத்துபவருக்குத்தான் தெரியும். ஆனால் சொல் எண்ணிக்கை எதை அளக்கிறது? மாணவருக்கு எண்ணத் தெரியும் என்பதை. அதற்குப் பதில் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று சுருக்கம் சொல்கிறதா? யாருடைய கருத்தோடு உடன்படுகிறது அல்லது மோதுகிறது என்று சொல்கிறதா? முடிவையும் சான்றையும் பிரித்துக் காட்டுகிறதா? முடிவின் எல்லையை, அதாவது யாரைப் பற்றி, எங்கே, எப்போது, எந்த அளவு உறுதியோடு என்பதை விடாமல் வைத்திருக்கிறதா? மூல ஆசிரியர் படித்தால் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்பாரா? கேள்விக்கு இரண்டு மதிப்பெண். ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் போதும். சொல் எண்ணுவதைவிட வேகமான வேலை.

அளவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளவை வகுத்தல் கணக்கு தீர்மானிக்கக் கூடாது, பயன் தீர்மானிக்க வேண்டும் என்கிறேன். ஒரே கட்டுரையை மூன்று விதமாகச் சுருக்கச் சொல்லுங்கள். இதைப் படிப்பதா வேண்டாமா என்று கேட்கும் நண்பருக்கு ஒரே வாக்கியத்தில். அதே கட்டுரையை மறுத்துத் தாம் எழுதப்போகும் கட்டுரைக்குள் ஒரு பத்தியில். மூலம் கையில் கிடைக்காதவர் அதை நம்பி மேலே போகும்படி ஒரு பக்கத்தில். மூன்றிலும் எது நின்றது, எது போனது, ஏன் என்று வகுப்பில் பேசச் சொல்லுங்கள். முக்கியம் என்பது பனுவலில் மட்டும் இல்லை, படிப்பவரின் தேவையிலும் இருக்கிறது என்பது மாணவருக்கு அன்றைக்குப் புரிந்துவிடும். ஒரே பொருளில் முரண்படும் இரண்டு கட்டுரைகளைச் சேர்த்துக் கொடுங்கள்; தனித்தனியாகச் சுருக்க விடாமல், இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்று ஒரே பத்தியில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு, 'ஆசிரியர் இங்கே சண்டைக்கு வருவார்' என்று குறிக்கட்டும்.

இந்த வேலையை மொழி ஆசிரியர் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. பணவீக்கம் குறைந்ததற்கும் விலை குறைந்ததற்கும் உள்ள வேறுபாடு பொருளியல் ஆசிரியருக்குத் தெரியும். மருத்துவமனை நோயாளியும் வீட்டு நோயாளியும் ஒன்றல்ல என்று செவிலியர் கல்லூரி ஆசிரியருக்குத் தெரியும். அவர்கள் 'எழுத்து எங்கள் பாடம் இல்லை' என்று கைகழுவுவதால்தான், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் பொருள் தெரியாத பத்தியில் சொல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், துணைவேந்தர் கையெழுத்திட வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. போட்டித் தேர்வு தன் சூத்திரத்தை வைத்துக்கொள்ளட்டும். அதற்குத் தயாராகிறவர் ஒரு மாதத்தில் அதைப் பழகிக்கொள்வார். கல்லூரியில் அக மதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. அதில் போடும் ஓர் அசைன்மென்டில், 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக' என்ற வரியை அடித்துவிட்டு, 'இவர் யாரோடு வாதிடுகிறார், எதை வைத்து, எந்த எல்லைக்குள்?' என்று கேட்டால் போதும். வரும் பருவத்திலேயே கேட்கலாம்.